பாலத்துக்கு அந்தப் பக்கம்

டிரைவர்: ...அதத்தான் கேக்குறேன். "எங்கள் விதிமுறைகளுக்குப் பொருந்தவில்லை"ன்னு போட்டிருக்கு. எந்த விதிமுறைக்கு?

கிளார்க்: மேடம், அது பொதுவா எல்லாருக்கும் போற கடிதம்...

டிரைவர்: எல்லாருக்கும் போகல. எனக்கு வந்திருக்கு. இதோட மூணாவது தடவை.

கிளார்க்: கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.

டிரைவர்: நிக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். நான் ஒண்ணும் ஓசியில கேக்கல. கிரெடிட் கார்டு கேட்டேன். வாங்கினா கட்டப் போறேன்.

கிளார்க்: விண்ணப்ப எண் சொல்லுங்க... ம்... ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர். பதினோரு வருஷ சர்வீஸ். நிரந்தர வேலை.

டிரைவர்: படிங்க, இன்னும் படிங்க. சம்பளம் உங்க பேங்க்லதான் விழுது. ஸ்கூட்டர் லோன் உங்க பேங்க்லதான் எடுத்தேன். தவணை முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே கட்டி முடிச்சேன். போட்டிருக்கா?

கிளார்க்: போட்டிருக்கு.

டிரைவர்: அப்புறம் என்ன கேடு?

கிளார்க்: ...சிஸ்டம் நிராகரிச்சிருக்கு மேடம். நாங்க ஒண்ணும் பண்ணல.

டிரைவர்: சிஸ்டமா? அது யாரு, உங்க மாமனாரா? வரச் சொல்லுங்க, நேர்லயே கேட்டுக்கிறேன்.

கிளார்க்: மேடம்...

டிரைவர்: சிரிக்காதீங்க.

கிளார்க்: சத்தியமா சிரிக்கல.

டிரைவர்: எங்கூட ஒரு டிரைவர் வேலை பாக்குறான். எனக்கு நாலு வருஷம் ஜூனியர். சம்பளமும் என்னைவிடக் கம்மி. போன வருஷம் வண்டியக் கொண்டு போய் ஆஸ்பத்திரி கேட்டுலயே முட்டி மெமோ வாங்கினவன். அவனுக்கு ஒம்பது நாள்ல கார்டு வந்துருச்சு. எப்படி?

கிளார்க்: மத்தவங்க விவரத்த நான் சொல்லக் கூடாது.

டிரைவர்: நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். இந்தாங்க, எழுதியே கொண்டு வந்திருக்கேன். எங்க ஆம்புலன்ஸ் ஷெட்டுல உங்ககிட்ட கார்டு கேட்டவங்க மொத்தம் ஒம்பது பேர். நாலு பேருக்கு வந்துச்சு, அஞ்சு பேருக்கு வரல. வந்த நாலு பேரும் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருக்காங்க. வராத அஞ்சு பேரும் அந்தப் பக்கம், பழைய ஆலைக்குப் பின்னாடி.

கிளார்க்: அது... தற்செயலா இருக்கலாம்.

டிரைவர்: என் மூஞ்சியப் பாத்து இன்னொரு தடவை சொல்லுங்க.

கிளார்க்: இவ்வளவு அவசரமா எதுக்கு மேடம்? ஒரு ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் போடலாமே.

டிரைவர்: என் மகளுக்கு ரெண்டு காதும் கேக்காது. மிஷின் வச்சாத்தான் கேக்கும். இருந்த மிஷின் பழசாகி உசிர விட்டுருச்சு. புதுசு மொத்தப் பணம் குடுத்து வாங்க எனக்கு வக்கில்ல. கடையில வட்டியில்லாம பன்னெண்டு தவணைக்குத் தராங்க. கிரெடிட் கார்டு இருந்தாத்தான். ரெண்டு மாசமா கிளாஸ்ல டீச்சர் வாயப் பாத்துத் தலைய ஆட்டிட்டு வருது புள்ள. ஆறு மாசம் பொறுக்கணும்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க. ஆனா கத்திச் சொல்லணும்.

கிளார்க்: ...என்ன வயசு?

டிரைவர்: பத்து.

கிளார்க்: அக்கா... ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பாலத்துக்கு இந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராவது...

டிரைவர்: இருந்தா?

கிளார்க்: அவங்க வீட்டு விலாசத்துல ஒரு வாடகை ஒப்பந்தம் மாதிரி... நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க.

டிரைவர்: ஓ. அப்ப விலாசம்தான் காரணம்னு உங்களுக்கே தெரியும்.

கிளார்க்: நான் அப்படிச் சொல்லல.

டிரைவர்: இப்பத்தான் சொன்னீங்க. ஏம்மா, இருபது வருஷமா நான் குடியிருக்கிற வீட்ட என் வீடு இல்லன்னு நானே எழுதணுமா? என் வீட்டுக்கு என்ன, தொத்து வியாதியா?

கிளார்க்: உங்க நல்லதுக்குத்தான் அக்கா சொன்னேன்.

டிரைவர்: பொய் எழுதினா நம்பிக் குடுப்பீங்க. உண்மைய எழுதினா நம்ப மாட்டீங்க. அடுத்தவங்க விலாசத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டு வாழணும், அப்படித்தானே?

மேலாளர்: என்ன இங்க சத்தம்? என் ரூம் வரைக்கும் கேக்குது.

கிளார்க்: சார், இவங்க கார்டு விஷயமா...

மேலாளர்: நான்தாம்மா இந்தக் கிளைக்கு மேலாளர். சொல்லுங்க, என்ன பிரச்சினை?

டிரைவர்: ஆலைக்குப் பின்னாடி குடியிருந்தா உங்க பேங்க்ல கார்டு கிடையாதா சார்?

மேலாளர்: யார் சொன்னது? நாங்க யார்கிட்டயும் பாகுபாடு பாக்குறதில்ல. நீங்க என்ன ஆளுங்கன்னு ஃபார்ம்ல எங்கயாவது கேட்டிருக்கா?

டிரைவர்: இல்ல. தெருப் பேரக் கேட்டிருக்கு.

மேலாளர்: தபால் அனுப்ப விலாசம் வேணாமா?

டிரைவர்: தபால் சரியா வந்துருது சார். மூணு தடவை வந்துச்சு. கார்டுதான் பாலத்தத் தாண்ட மாட்டேங்குது.

மேலாளர்: இங்க பாருங்கம்மா, கம்ப்யூட்டர் எத்தனையோ விஷயத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணுது. குடியிருக்கிற பகுதிக்கும் ஒரு மார்க் இருக்கு. அது அனுபவத்துல வந்தது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆலை மூடினப்ப, அந்தப் பகுதியில எங்ககிட்ட கடன் வாங்கினவங்க பாதிப் பேர் கட்டல.

டிரைவர்: ஆலையப் பூட்டிட்டா சம்பளம் எங்கேர்ந்து வரும்? சரி, அப்பக் கட்டாதவங்க யாரோ. அதுல நான் இருக்கேனா?

மேலாளர்: உங்களத் தனிப்பட்ட முறையில சொல்லல...

டிரைவர்: தனிப்பட்ட முறையில பாருங்கன்னுதான் நானும் கெஞ்சுறேன். என் சம்பளத்தப் பாருங்க. என் ஸ்கூட்டர் லோனப் பாருங்க. என்னைப் பாக்காம என் தெருவ ஏன் பாக்குறீங்க? நாளைக்கே உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா, பாலத்துக்கு எந்தப் பக்கத்து டிரைவர்னு விசாரிச்சுட்டுத்தான் என் வண்டியில ஏறுவீங்களா?

மேலாளர்: தேவையில்லாததெல்லாம் பேசாதீங்க. சட்டப்படி எங்களுக்கு...

டிரைவர்: குப்பை அள்ளுறவங்க, மூட்டை தூக்குறவங்க, எங்கெங்கேர்ந்தோ துரத்தி விட்டதுல வந்து சேந்தவங்கன்னு எல்லாரையும் கொண்டு போய் அந்தப் பக்கமா ஒதுக்கி வச்சீங்க. அங்க யாரு இருக்கோம்னு ஊருக்கே தெரியும். "இந்த ஆளுங்களுக்குக் குடுக்காதே"ன்னு எழுதினா கோர்ட்ல போய் நிக்கணும். தெருப் பேர எழுதிட்டா அது விதிமுறை. அவ்வளவுதானே சார்?

மேலாளர்: விதி நான் போட்டது இல்ல. தலைமை அலுவலகத்துல போட்டது.

டிரைவர்: இவங்க சிஸ்டம்ங்கறாங்க. நீங்க கம்ப்யூட்டர்ங்கறீங்க, தலைமை அலுவலகம்ங்கறீங்க. எனக்கு இல்லன்னு சொன்ன ஆள மட்டும் கண்ணுல காட்ட மாட்டேங்கறீங்க. சரி, என் தெருவாலதான் கார்டு குடுக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் போயிடறேன்.

மேலாளர்: அதெல்லாம் வெளிய தர முடியாது. பேங்க்கோட உள் விவகாரம். எனக்கு மீட்டிங் இருக்கு... ஏம்மா, இவங்களுக்கு ஒரு புகார் ஃபார்ம் குடுத்து அனுப்பு.

கிளார்க்: சரி சார்.

டிரைவர்: போயிட்டாரு. கதவையும் சாத்திக்கிட்டாரு.

கிளார்க்: உக்காருங்க அக்கா. கொஞ்சம் தண்ணி குடிங்க.

டிரைவர்: தண்ணி வேணாம். ஃபார்மக் குடுங்க.

கிளார்க்: அவர் சொன்ன ஃபார்ம் வேணாம். அது எங்களுக்குள்ளயே சுத்திச் சுத்தி வரும். கடைசியில இதே கடிதம் நாலாவது தடவையா வரும். இத எடுத்துக்கோங்க. பேங்குகளக் கண்காணிக்கிற ஆணையத்தோட ஃபார்ம்.

டிரைவர்: இத எதுக்கு மேஜைக்கு அடியில வச்சிருக்கீங்க?

கிளார்க்: யாராவது கேட்டாத்தான் குடுக்கணும்னு உத்தரவு.

டிரைவர்: இருக்கிறதே தெரியாதவங்க எப்படிக் கேப்பாங்க?

கிளார்க்: கேக்க மாட்டாங்க... காரணம்னு இருக்கிற இடத்த இப்ப நிரப்பாதீங்க. ஒரு நிமிஷம்.

டிரைவர்: என்னத்த பிரிண்ட் போடுறீங்க?

கிளார்க்: உங்க விண்ணப்பம் என் ஸ்கிரீன்ல எப்படித் தெரியுதோ, அத. படிங்க.

டிரைவர்: "வருமானம், தகுதி. கடன் வரலாறு, தகுதி. பகுதிக் குறியீடு ஏழு. தானியங்கி நிராகரிப்பு." ...ஏழுன்னா?

கிளார்க்: ஆலைக்குப் பின்னாடி இருக்கிற ஆறு தெரு. ஏழுன்னு விழுந்துட்டா மத்ததெல்லாம் எவ்வளவு நல்லா இருந்தாலும் கணக்குல சேராது.

டிரைவர்: பாவி... இவ்வளவு நேரம் தற்செயல்னு சொன்னியே.

கிளார்க்: சொன்னேன். திட்டுங்க.

டிரைவர்: திட்டுறதுக்கு அப்புறம் வரேன். இத எங்கிட்ட குடுத்தா உன் வேலை என்ன ஆகும்?

கிளார்க்: உங்க விவரத்த உங்ககிட்டதானே குடுத்தேன். கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்.

டிரைவர்: கேப்பாங்க.

கிளார்க்: கேக்கட்டும். அக்கா, கடைசிப் பக்கத்துல சாட்சின்னு ஒரு கட்டம் இருக்கு.

டிரைவர்: பாத்தேன். எங்க ஷெட்டுல யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்றேன்.

கிளார்க்: கார்டு கிடைக்காத கோவத்துல போட்டாங்கன்னு ஒதுக்கிடுவாங்க. உள்ள இருக்கிற ஆள் போடணும். நான் போடுறேன்.

டிரைவர்: அவசரப்படாதேம்மா. வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?

கிளார்க்: அம்மாவும் நானும். என் சம்பளம்தான்.

டிரைவர்: அப்ப யோசிச்சுப் பண்ணு.

கிளார்க்: நாலு வருஷமா யோசிச்சுட்டேன். ஒரு நாளைக்கு ரெண்டு பேராவது உங்கள மாதிரி வராங்க. தற்செயல்னு சொல்லிச் சொல்லி அனுப்புறேன். பேனாவக் குடுங்க... பேரு எழுதியாச்சு. வேலை... எழுதியாச்சு.

டிரைவர்: ஏன் நிறுத்திட்ட?

கிளார்க்: விலாசம் கேக்குது.

டிரைவர்: எழுது.

கிளார்க்: எந்த விலாசத்தன்னு... அக்கா, நான் வேலைக்குச் சேரும்போது மாமா வீட்டு விலாசத்தக் குடுத்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கம். என் கார்டும் அதுலதான் வாங்கினேன். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வீட்டுல நான் ஒரு நாள்கூடத் தங்கினது இல்ல. என் வீடு ஆலைக்குப் பின்னாடி... ரெண்டாவது தெரு.

டிரைவர்: தெரியும். காலையில பாலத்த இறங்கினதும் சுவரோரமா நின்னு, சேறு ஒட்டின செருப்பக் கழட்டிப் பையில போட்டுட்டு வேற செருப்பு மாட்டுவ. நைட் டூட்டி முடிச்சு நான் ஸ்கூட்டர்ல வீட்டுக்கு வர நேரம் அது. இன்னிக்கி உன் கவுண்டர் வரணும்னே ரெண்டு டோக்கன விட்டுக் குடுத்துட்டு வந்தேன்... எழுது தாயி. தெருப் பேரு மட்டும் தெளிவா இருக்கட்டும்.