நீலத் தொண்டைக் குருவிக்கு ஒரு சாட்சி

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் வயிறார ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது, ஐயா. வெறும் வயிறு எரிச்சலைக் கிளப்பும். அன்று காலை நான் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். அதனால் ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேர் நான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் நான் பார்த்ததை ஒருவரும் நம்புவதில்லை. எங்கள் பறவைக் குழுவில் ஒரு விதி உண்டு. அபூர்வமான பறவை என்றால் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தால் கணக்கில் வராது. விதியைப் போட்டவர் என் மனைவியின் அண்ணன், பல் டாக்டர்.

வசந்தத்தில் வடக்கே திரும்பும் பறவைகள் எங்கள் கழிமுகத்து நாணலில் தங்கிப் போகும். கூடவே தொண்டையில் நீலத் திட்டு உள்ள ஒரு சின்னக் குருவியும் வரும். வருஷா வருஷம் அதைப் பார்க்கிறேன். நான் கை காட்டும்போதெல்லாம் மச்சான் தும்முவார், தண்ணீர் பாட்டிலைத் திறப்பார், யாருக்காவது பல்வலிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். போன வருஷம் எல்லோர் முன்னாலும், "மாப்பிள்ளை ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறார், அவருக்கு யாராவது போட்டு விடுங்கப்பா" என்றார். என் மனைவிகூடச் சிரித்தாள். எனக்கு வெறுத்துப் போய்விட்டது.

அன்று மச்சானும் நானும் மட்டும். பலகைப் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று சொன்னேன். படம் எடுக்க வசதி என்று இறங்கினார். தொடை வரை சேறு பிடித்துக்கொண்டது. அந்தச் சேறு ஆளை விழுங்காது. கடல் நீர் ஏறும்வரை ஆபத்தில்லை. கயிறு என் பையில்தான் இருந்தது, கையில் எடுத்தும் விட்டேன். அப்போது பார்த்து அவருக்கு இடப்பக்கம் குருவி வந்து உட்கார்ந்தது.

அசையாமல் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். அவர் கயிற்றைப் பார்த்துக் கத்தினார். குருவி பறந்துவிட்டது. எத்தனை வருஷக் காத்திருப்பு, ஐயா.

தண்ணீர் அவர் இடுப்புக்கு ஏறிய பிறகு குருவி மறுபடி வந்தது. பார்த்தீர்களா என்றேன்.

"பாத்தேன் மாப்ளே, பாத்தேன். கயித்தப் போடுங்க."

அவர் கண் என் கையை விட்டு நகரவே இல்லை. அது என்ன செய்கிறது என்று கேட்டேன். பாடுகிறது என்றார். அது சத்தமில்லாமல் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. பொய்ச் சாட்சி எங்கள் குழுவில் செல்லாது. அதில் அவர்தான் ரொம்பக் கண்டிப்பு. கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

தன் தங்கச்சியை நினைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அவள் சிரித்த முகம்தான் நினைவுக்கு வந்தது.

சத்தம் அடங்கிய பிறகு குருவி திரும்பவும் வந்தது. பின்னால் சாய்ந்திருந்த அவர் முகத்துக்கு நேர் மேலே, வளைந்த தண்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது. நான்தான் கொன்றேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அவர் கண் திறந்துதான் இருந்தது, ஐயா. இரண்டு பேர் பார்த்தோம் என்று எழுதுங்கள்.