மூலைத் துண்டு

ஆப்ரிகாட் கேக்கில் மூலைத் துண்டுதான் ருசி. நடுத்துண்டில் பழம் அதிகம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூலையில்தான் இரண்டு பக்கமும் ஓரம் வரும். சர்க்கரை கருகி ஒட்டியிருக்கும், கடித்தால் நொறுங்கும். என் மனைவி ரோசினா அதை அகலமான தகரத் தட்டில் சுடுவாள். மலையுச்சி நிலையத்தில் அவள் நடத்தும் கேண்டீனில் ஒரு துண்டு தின்றவர்கள் அடுத்த வருடமும் அதற்காகவே வருவார்கள். நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும், ஐயா. மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்த இரண்டு பித்தளை வில்லைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். கேக்கிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கோவையாகச் சொல்ல வரும்.

மெல்கியோர் இம்போடன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தொன்பது. அல்பெல்ஹோர்ன் உச்சிக்கு ஒருநாள் சுற்றுலா வருகிறவர்களை இருபத்திரண்டு வருடம் ஏற்றி இறக்கிய வழிகாட்டி நான். காலையில் ஏரிப் பக்கத்திலிருந்து பஸ் வரும். இரண்டு ரோப் கார் மாறினால் உச்சி நிலையம். சூடாகப் பார்லி சூப். பிறகு பனிமேட்டில் வரிசையாக நடந்து, மேலே நட்டிருக்கும் சிலுவை வரைக்கும் போய், படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் கேக்கும் காப்பியும். நாலரைக்குக் கீழே இறங்கும் கடைசி ரோப் கார் கேபின். வழிகாட்டி ஊரிலேயே இருக்கிறவன் என்பதால் பஸ்ஸில் ஏறமாட்டான். கீழே நின்று கையாட்டுவதோடு அவன் வேலை முடிந்தது.

எங்கள் நிலையத்தில் பனியைப் பார்த்த வாசலில் ஒரு பலகை இருக்கிறது. பலகை நிறைய ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை. பனியில் இறங்குகிறவர் தன் வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தால் மாட்ட வேண்டும். ஓர் ஆணி காலி என்றால் ஓர் ஆள் வெளியே என்று அர்த்தம். மூடுபனி இறங்கிவிட்டால், ஆணி காலியாக இருக்கும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே மாட்டிக்கொண்டவனுக்குக் கண்ணால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்து சேருவான். பலகை நிரம்பினால் மணி நிற்கும். நான் வழிகாட்டியாக இருந்தவரை ஒரு பிசகு நடந்ததில்லை. எண் ஒன்று வழிகாட்டியுடையது.

முட்டி தேய்ந்துபோய் என்னை வழிகாட்டி வேலையிலிருந்து விடுவித்தபோது, என் வில்லையை நினைவாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். புதிய வழிகாட்டிக்குப் புதிதாக ஒன்று அடித்தார்கள். அதே எண். எனக்கு உச்சி நிலையத்திலேயே பலகையைப் பார்த்துக்கொள்வது, அடுப்புக்கு விறகு போடுவது, கேபின் கதவைச் சாத்தி அனுப்புவது என்று உட்கார்ந்த வேலையாகக் கொடுத்தார்கள். கௌரவமாகத்தான் நடத்தினார்கள். பழைய வில்லையை நான் தினமும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவேன். பழக்கம், வேறொன்றுமில்லை.

புதியவன் லேயாண்டர். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன், முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, தனி அறையில் குடியிருந்தான். நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நான் கூட்டத்தை ஏற்றிய காலத்தில் வருகிறவர்கள் மலையைப் பார்த்தார்கள். அவன் காலத்தில் அவனைப் பார்த்தார்கள். கிழவிகள் கூட அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் நீதான்ப்பா கூட்டிட்டுப் போகணும்" என்று கொஞ்சினார்கள். என்னிடம் இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவேன், நன்றி சொல்வார்கள், அவ்வளவுதான்.

மூலைத் துண்டு எப்போதும் எனக்குத்தான் வரும். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து அப்படித்தான். தட்டை இறக்கியதும் ரோசினா வெட்டுகிற முதல் துண்டு என் மூலை. போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒருநாள் அது வரவில்லை. நடுத்துண்டு வந்தது. கவனப்பிசகு என்று நினைத்தேன். மறுநாளும் நடுத்துண்டு. மூன்றாம் நாள் சமையலறைக் கதவருகே நின்று பார்த்தேன்.

"ரோசினாக்கா, இன்னைக்கும் மூலை எனக்குத்தானே?"

"உனக்குத்தான்டா, எடுத்துக்கோ. பல்லு இருக்கிறவன் திங்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய் விறகை அடுக்கினேன். வயிறு எரிந்தது, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் எனக்குக் குடல்புண்ணும் உண்டு, டாக்டர் சீட்டு வீட்டில் இருக்கிறது. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் தப்பாக ஒன்றும் இல்லை, அது எனக்கு அப்போதே தெரியும். அவள் அவனைத் தம்பி மாதிரிதான் பார்த்தாள். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் எனக்கு மனசு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என்னுடையதை அவள் சும்மா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன அக்டோபர், எழுபத்தொன்பதாம் வருடம், இரண்டாவது வியாழக்கிழமை. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஹெட்விக் என்று ஒரு விதவை, செத்துப்போன புருஷனுடைய தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சிலுவை வரை போய் எல்லோரும் திரும்பி வந்து வில்லைகளை மாட்டினார்கள். லேயாண்டர் தன்னுடையதைப் பையிலிருந்து எடுக்கப் போன நேரத்தில் அந்த அம்மாள் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"ஐயோ, எங்க வீட்டுக்காரர் தொப்பி. படம் எடுக்கையில கழட்டி வச்சேனே."

நானாக இருந்தால், ஊரில் வேறு தொப்பி கிடைக்கும் அம்மா என்று சொல்லியிருப்பேன். அதுதான் முறையும்கூட. அவன் உடனே குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டான்.

"அழாதீங்கம்மா. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"டேய், மூடுபனி ஏறி வருதுடா" என்றாள் ரோசினா.

"மணி அடிப்பீங்கல்ல அக்கா, அதைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுவேன். என் மூலையை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

என் மூலை. அப்படித்தான் சொன்னான். வேண்டுமென்று சொல்லவில்லை, அவனுக்கு அது அவ்வளவு சகஜமாகிவிட்டது. ரோசினா அந்தத் துண்டை ஒரு தட்டில் வைத்து, சூப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, என் கண்ணெதிரே மேடைமேல் வைத்தாள்.

கால் மணியில் மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டது. ஓடிலோ பனிப்பக்கத் தாழ்வாரத்தில் நின்று மணி அடிக்க ஆரம்பித்தான். ஓடிலோ என்னோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவன், நேர்மையான ஆள். நாலு மணி கேபினில் பாதிப் பேரை ஏற்றிக் கதவைச் சாத்தி அனுப்பிவிட்டுப் பலகைக்கு வந்தேன். எல்லா ஆணியும் நிறைந்திருந்தது, ஒன்றாம் எண் மட்டும் காலி. கோட்டுப் பையில் கை விட்டேன். வில்லை சூடாக இருந்தது. அதை அதன் ஆணியில் மாட்டினேன். இருபத்திரண்டு வருடம் அது தொங்கிய இடம்தானே, ஐயா.

நான் செய்தது அவ்வளவுதான். யாரையும் தள்ளவில்லை, யார்மேலும் கை வைக்கவில்லை. மணியை நிறுத்தியதும் நான் இல்லை. ஓடிலோ கை வலிக்கிறது என்று உள்ளே வந்தான், பலகையைப் பார்த்தான், விதிப்படி நிறுத்தினான். அவன்மேல் குற்றமில்லை என்று அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். உடல் கிடைத்த நாளிலிருந்து அவன் அந்தக் கயிற்றைத் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

சரி, ஒரு வார்த்தை பேசினேன். நீங்கள் ஓடிலோவிடம் விசாரித்திருப்பீர்கள்.

"என்னப்பா, லேயாண்டர் வந்துட்டானா? நான் பார்க்கலையே."

"இப்பத்தான் ஓடி வந்து நாலு மணி கேபின்ல தொத்திக்கிட்டுப் போயிட்டான்."

"தொப்பி?"

"காத்து அடிச்சுட்டுப் போயிருச்சாம்."

ஹெட்விக் அம்மாள் அழுதாள். நானே ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையலறையில் ரோசினா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மூலையை எடுத்துக்காமலா போனான்?"

"பசிக்கலையாம்."

"அவனுக்கா? பசிக்கலையாமா?" என்று சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "மெல்கியோர், யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?"

"ரோப் கார் வயர்ல காத்து" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

அது காற்று இல்லை. விசில். மலையில் ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊத வேண்டும், பிறகு ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு. பாடம் தவறாமல் ஊதினான், அதில் குறை சொல்ல முடியாது. முதலில் ஓரளவு பக்கத்திலிருந்து வந்தது, பிறகு வலது பக்கம் விலகிப் போனது. வலது பக்கம் பள்ளம். கடைசி கேபின் வரும்வரை நான் அடுப்பைத் தணித்துச் சாம்பலை வாரினேன். கேபினில் இறங்கும்போது என்னிடம் காகிதத்தில் சுற்றிய மூலைத் துண்டு இருந்தது. வீணாகப் போகக்கூடாதே என்று எடுத்துக்கொண்டேன். பாதி வழியில் தின்றேன்.

மறுநாள் அவன் அறை பூட்டியிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் முந்தின சாயங்காலமே பஸ்ஸில் போய்விட்டார்கள், நாலு மணி கேபினில் அவனைப் பார்த்தீர்களா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பலகை நிறைந்திருந்ததால், அவன் நிலையத்துக்குத் திரும்பி வந்து கீழே இறங்கிவிட்டான் என்பது எல்லோருக்கும் உறுதி. ஆகவே கீழ்ச் சரிவில்தான் தேடினார்கள். நான்கு நாள். இந்த முட்டியை வைத்துக்கொண்டு முதல் வரிசையில் நடந்தேன், கேட்டுப் பாருங்கள். ரோசினா தூக்குவாளியில் சூப்பு கொடுத்து அனுப்பினாள். ஐந்தாம் நாள் பெரிய பனி விழுந்தது, தேடல் முடிந்தது.

இந்த ஜூலையில் பனி உருகி அவனைக் கொடுத்துவிட்டது. நிலையத்துக்கு முந்நூறு அடி தூரத்தில் என்கிறீர்கள். கோட்டுக்குள் பொத்தான் போட்டுப் பத்திரமாக ஒரு தொப்பி. பையில் பித்தளை வில்லை, எண் ஒன்று. பலகையிலும் எண் ஒன்று தொங்கியது. அதன் முதுகில் நான் ஆணியால் கீறிய என் பெயரின் முதல் எழுத்து. எடுத்து ஒளித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் முகத்தில் அது இருக்கிறது. எத்தனையோ முறை அந்தப் பலகைக்கு முன்னால் நின்றேன். கழற்ற மனசு வரவில்லை. அதை அந்த ஆணியில் பார்க்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ரோசினா தந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். எனக்கு மேல்தாடையில் கட்டுப்பல் வைத்த பிறகு ஓரம் கடிக்க முடியவில்லை என்று நானே தட்டைத் தள்ளினேனாம். "இனிமே இந்தக் கருகினதை எனக்கு வைக்காதே" என்று நானே சொன்னேனாம். அதனால்தான் லேயாண்டருக்குக் கொடுத்தாளாம். சொல்லியிருப்பேன். வலியில் மனிதன் ஆயிரம் சொல்வான். முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அதில் எதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரியாதா? அன்று கேபினிலும் வலித்தது. மெல்லாமல் விழுங்கினேன். லேயாண்டர் அதற்குள் விசிலை நிறுத்தியிருந்தான்.

ஆமாம், ஐயா. அவன் வெளியே இருக்கிறான் என்று தெரிந்துதான் மாட்டினேன். மணி நின்றால் அவன் வரமாட்டான் என்று தெரிந்துதான் மாட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று காலை உங்கள் ஆட்கள் வாசலில் காத்திருந்தபோது ரோசினா ஒரு முழுத் தட்டுக் கேக்கை அடுப்பிலிருந்து இறக்கினாள். விடியுமுன்னே எழுந்து சுட்டிருக்கிறாள். கத்தியை எடுத்து மூலைகளை வெட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இத்தனை வருடம் தின்றிருக்கிறேன், ஒரு தட்டுக்கு நாலு மூலை உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நாலையும் ஒரே தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தின்னு" என்றாள். "நாலும் உனக்குத்தான்."

கண் சிவந்திருந்தது, பாவம். பிடிவாதக்காரி, மனசு மாற இத்தனை நாள் ஆகியிருக்கிறது. ஆனால் கடைசியில் எனக்கே கொடுத்துவிட்டாள், பார்த்தீர்களா.