எந்த லயம்?

"இப்பல்லாம் யாரு, அக்கா, சாதி பாக்குறாங்க? நான் எந்த லயம்னுதான் கேட்டேன்."

யோங் பெங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பேருந்தில், தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர் இளையவர். பேச்சு அவருடைய மகள் விரும்பும் பையனைப் பற்றி. பாலோ பக்கம் ரப்பர் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் இருந்த குடும்பமாம்.

"என்ன சொன்னான்?" என்றார் மூத்தவர்.

"அவனுக்கே தெரியலக்கா. அப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொன்னான். ஆத்தோரத்து லயமாம்."

"ஆத்தோரமா..."

மூத்தவர் மடியிலிருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்தார்.

"வெள்ளக்காரன் சாதிக்கு ஒரு லயமா பிரிச்சு வச்சான். அதெல்லாம் இடிச்சு செம்பனை நட்டு எத்தன வருஷமாச்சு. விடு லா. மக என்ன சொல்லுது?"

"சிங்கப்பூர்லேருந்து வீட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டா. போன் போட்டாலும் எடுக்கறதில்ல."

"ஃபாதர்கிட்ட பேசிப் பாத்தியா?"

"இன்னிக்குத்தான் பேசுனேன். எல்லாரும் ஆண்டவர் பிள்ளைங்க, மனச கஷ்டப்படுத்திக்காதீங்கம்மான்னு சொன்னாரு."

"நல்லதுதானே சொல்லியிருக்காரு."

"ஆமா. ஆசீர்வாதம் பண்ணிட்டு, கதவு வரைக்கும் கூடவே வந்தாரு. வந்து, மெதுவா கேட்டாரு: 'எந்த லயம்?'"