ஒரு நூல்கூட இறங்கலை

மாமியார்: ...நான் முடிவு பண்ணிட்டேன் மாப்ள. பொக்லைனுக்கு ரெண்டு சிலிண்டரையும் கழட்டி எறிஞ்சிட்டு புதுசு போடறோம்.

மருமகன்: அத்தை, ஒரு நிமிஷம்...

மாமியார்: போன தடவையும் ஒரு நிமிஷம்னுதான் சொன்னீங்க. சீல் மாத்துனீங்க. ஒரு வாரம் தாங்கலை, மறுபடி எண்ணெய் ஒழுகுச்சு. மண்ணை அள்ளித் தூக்குனா பக்கெட் தானா இறங்குது. வண்டி ஓட்டுறது நானா, நீங்களா?

மருமகன்: நீங்கதான்.

மாமியார்: லாரிக்கு மேல பக்கெட்டைக் கொண்டுபோனா, லாரி டிரைவர் என்னைப் பாத்துக் கும்பிடுறான்.

மருமகன்: தப்பு சீல்ல இல்ல அத்தை. சிலிண்டருக்குள்ள போய் வர்ற தண்டுல. சின்னக் கீறல். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை வெச்சு இழுத்தா தட்டும். புது சீலை அதுதான் கிழிச்சிருக்கு.

மாமியார்: அதை முதல்லயே பாக்குறதுக்கென்ன?

மருமகன்: அவசரத்துல துணியால துடைச்சிட்டு அப்படியே மாட்டிட்டேன்.

மாமியார்: கண்ணாடி போடுங்கன்னு என் பொண்ணு தலைதலையா அடிச்சுக்கிறா.

மருமகன்: நகத்துக்கு எதுக்கு அத்தை கண்ணாடி...

மாமியார்: வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. இங்க பாருங்க, புதுசு வாங்குனா கம்பெனி மெக்கானிக்கே வந்து மாட்டிடுவான். அப்புறமும் அவனே வந்து பாத்துப்பான்.

மருமகன்: அப்போ நான்?

மாமியார்: நீங்க என்ன?

மருமகன்: இந்த ஷெட்ல எனக்கு என்ன வேலை? இருந்த வேலையை விட்டுட்டு வந்தவன் நான். வீட்டோட மாப்பிள்ளைன்னு ஏற்கெனவே நாலு பேர் சிரிக்கிறாங்க. ஸ்பேனரையும் பிடுங்கிட்டா... தின்னுட்டுத் தூங்கவா வந்தேன்?

மாமியார்: க்கும்... க்கும்.

மருமகன்: நீங்களும் சிரிக்கிறீங்க.

மாமியார்: தூசி. மேல சொல்லுங்க.

மருமகன்: ஒரே ஒரு சோதனை. பக்கெட் நிறைய ஜல்லி அள்ளித் தூக்குங்க. என்ஜினை அணைங்க. தண்டு வெளிய வர்ற வாய்கிட்ட, தண்டு மேல சாக்பீஸால கோடு போடறேன். பக்கெட் இறங்கினா தண்டும் உள்ள போகும். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கோடு உள்ள போச்சுன்னா, கம்பெனிக்கு நானே போன் பண்றேன்.

மாமியார்: ஒழுகுற சிலிண்டரை வெச்சுக்கிட்டு இவ்வளவு தெனாவெட்டா?

மருமகன்: தூக்குங்க அத்தை.

மாமியார்: தள்ளி நில்லுங்க... ம், அணைச்சாச்சு.

மருமகன்: ரெண்டுலயும் கோடு போட்டாச்சு. இறங்கி வாங்க. இந்தாங்க டீ.

மாமியார்: சர்க்கரையே இல்ல.

மருமகன்: பேச்சை மாத்தாதீங்க. கோட்டைப் பாருங்க.

மாமியார்: இப்பதானே உக்காந்தோம்... வலது பக்கம் என்னாச்சு? அதுதான் ரொம்ப அழும்.

மருமகன்: நகரலை. இடதும் நகரலை.

மாமியார்: என் டம்ளர் காலி.

மருமகன்: என்னுதும். ஒரு நூல்கூட இறங்கலை அத்தை.

மாமியார்: இந்த வேலை எப்ப நடந்தது?

மருமகன்: நீங்க சின்ன மக வீட்டுக்குப் போயிருந்தப்போ. தண்டை வெளிய குடுத்துத் தேய்ச்சு, குரோம் பூசி வாங்கினேன். சிலிண்டர் உள்பக்கம் வழுவழுன்னு நல்லாத்தான் இருந்துச்சு, அதைப்போய் ஏன் எறியணும்? சீலை நானே மாட்டினேன். சொல்லியிருந்தா தொட விட்டிருப்பீங்களா?

மாமியார்: விட்டிருக்க மாட்டேன்.

மருமகன்: இப்ப சொல்லுங்க. கம்பெனிக்கு போன் போடட்டுமா?

மாமியார்: ரொம்பத் துள்ளாதீங்க.

மருமகன்: துள்ளாம? இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து முதல் தடவையா உங்களை ஜெயிச்சிருக்கேன்.

மாமியார்: தினம் காலைல சிலிண்டருக்குக் கீழ தட்டு வெச்சு எண்ணெய் பிடிக்கிறது யாரு மாப்ள?

மருமகன்: நீங்க... ஐயையோ.

மாமியார்: நான் வந்த மறுநாளே தட்டு காஞ்சு கிடந்தது. நேத்து பூரா மண்ணள்ளிப் பாத்தேன். சும்மா கல்லு மாதிரி நிக்குது.

மருமகன்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க?

மாமியார்: வந்த நாளா எல்லாத்துக்கும் 'சரி அத்தை'தான். உங்க வேலைக்காகவாவது என்கூட சண்டைக்கு நிப்பீங்களான்னு பாத்தேன். நின்னுட்டீங்க. மனசு குளுந்துபோச்சு.

மருமகன்: அப்போ... புதுசு வாங்க எடுத்து வெச்ச பணம்?

மாமியார்: வாசல்ல லாரி ஹாரன் அடிக்குது, கேக்கலையா? அந்தப் பணத்துல லேத் மெஷின் வந்திருக்கு, இனி தண்டு தேய்க்கிற வேலையும் நம்ம ஷெட்லயே. இதே பொக்லைன்ல நான் தூக்குறேன்... எங்க இறக்கணும்னு ஷெட்டுக்காரர் நீங்க சொல்லுங்க.