மங்களத்தோட பெட்டி

பெட்டியிலேர்ந்து கைய எடுங்க சார். மொதல்ல எடுங்க, அப்புறம் பேசலாம்.

வெல்பேர் ஆபீசருன்னா? பொம்பளப் புள்ள பெட்டியத் தொறந்து பாத்துடலாமா? சாவி எங்கிட்ட இல்ல. மங்களம் கழுத்துல கெடக்கு. உங்க வேன்லதானே உக்காந்திருக்கு, போய்க் கேட்டுப் பாருங்க. குடுக்காது. யாரு கேட்டாலும் குடுக்காதேன்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்.

கனமா இருக்கா? இருக்கட்டுமே. பழைய இரும்புக் கடைக்காரன், திருட்டுச் செம்புக் கம்பிய உள்ள வெச்சு அனுப்புறான்னு பாக்குறீங்களா? சாக்குக்குள்ள மண்ணப் போட்டுக் கொண்டாந்து நிறுக்கச் சொல்றவன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே ஈப்போவுல கடைய நெலச்சு நிக்க வெச்சவன் சார் நானு. இந்தப் பார்வையெல்லாம் இங்க நான் பாக்குற பார்வை. எனக்கே காட்டாதீங்க.

புள்ளய வாங்கிக்கப் போற கோப்பெங் வீட்டுக்காரங்க நல்லவங்களா? யாரு சொன்னா? அவங்களேவா? நல்லா இருக்கு லா! நேத்து பஸ் ஏறிப் போயி அந்தத் தெருவுல விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். ஆமா, சந்தேகந்தான். என் வீட்டுக்காரி முத்தம்மா இருந்திருந்தா நான் ஏன் புள்ளயக் குடுக்கப் போறேன்? அவ செத்ததும், பொம்பள இல்லாத வீட்டுல பொட்டப்புள்ள இருக்கக்கூடாதுன்னு வந்து நிக்கிறீங்க. சட்டம். சரி. சத்தம் போட்டும் பாத்துட்டேன்.

இந்தப் புள்ள எங்கிட்ட எப்படி வந்துச்சு தெரியுமா? எழுபத்தொம்பதுல உங்க ஆபீசு ஆளு ஒருத்தரு சுங்கை சிப்புட் எஸ்டேட்டுலேர்ந்து கொண்டாந்து எறக்கிட்டுப் போனாரு. துணிமணியெல்லாம் ஒரு உரச்சாக்குல. வாசல்ல கெடந்துச்சு. நம்ம லோரிக்காரன் சின்னையா, கடைக்கு வந்த சரக்குன்னு நெனச்சு டாச்சிங் தராசுல மாட்டிட்டான். அந்தா தொங்குதே, அதுதான். இந்தப் பக்கம் கொக்கியில சாக்கு, அந்தப் பக்கம் இரும்புக் குண்டு. குண்டு தொபுக்குன்னு எறங்கிருச்சு, சாக்கு மேல போயிருச்சு. அண்ணே, இதுல ஒண்ணுமே இல்ல, வீசிடவான்னு கத்துறான். புள்ள பக்கத்துலயே நிக்குது. அழுவல சார். தராசையே பாத்துக்கிட்டு நிக்குது.

அதான் இப்பத் தகரப் பெட்டி. பூட்டு. மேல பேரு.

ஒரு பேச்சுப் பேசிக்குவோம். பெட்டி அது படுக்குற எடத்துலதான் இருக்கணும். அதத் தவிர எவனும் தொறக்கக்கூடாது. அந்த வீட்டுல இத நீங்களே ஒங்க வாயால சொல்லணும். ஆபீசுல கேட்டுச் சொல்றேங்கிற கதையெல்லாம் வேணாம். சரின்னா தூக்குங்க, இல்லன்னா வேன் இங்கயே நிக்கட்டும்.

சரியா? மாத்திப் பேசக்கூடாது.

என்னது? ஆமா, தராசுல குண்டு இல்லதான். பொல்லாத கண்ணு சார் உங்களுக்கு. காலையில துணியெல்லாம் அடுக்கிப் பூட்டிட்டு, புள்ள பெட்டியத் தூக்கிப் பாத்துச்சு. மாமா, இன்னும் லேசாத்தான் இருக்குன்னுச்சு. கழட்டிக் குடுத்துட்டேன். துணிக்கு அடியில கெடக்கு. வேற குண்டு கெடைக்கிற வரைக்கும் கடையில சரக்கு வாங்கல் இல்ல. போவுது லா.

பாத்துத் தூக்குங்க. கோப்பெங்குல நீங்க எறக்காதீங்க சார். அந்த வீட்டு ஆளுங்கள எறக்கச் சொல்லுங்க.