ஏட்டில் இல்லாத பதினேழு பிள்ளைகள்

அவைக்கு அணி சேர்க்கும் தலைவர் வேதாச்சலனார் அவர்களே, ஆன்றோரே, பங்காருபாளையத்திலிருந்து வண்டி கட்டி வந்த பெரியோரே, பிள்ளைகளை மடியில் கிடத்தியிருக்கும் என் தாய்மாரே, வணங்குகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பேத்தி தாட்சாயணி ஆடி முடித்ததும், பெருமையாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பெருமை இருக்கிறது. அதைப் பேச நான் வரவில்லை.

நம் சித்தூர்க் கலைவாணி நுண்கலைக் கழகம் பிறந்தது மாளிகையிலா? மண்டபத்திலா? மாங்காய் மண்டியில். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அப்பாவு வாத்தியார் கூடைகளை ஒதுக்கிவிட்டுத் தம்புராவை நிறுத்தினார். இது தமிழ்ப் பள்ளியா, தெலுங்குப் பள்ளியா என்று கேட்டவருக்கு அவர் சொன்னது ஊரறியும்: "இங்க மொதல்ல பேசறது தம்புரா. அது என்னா பாஷைன்னு அதையே கேளுய்யா." அன்றுமுதல் தமிழில் ஒன்று பாடிய பிள்ளை தெலுங்கிலும் ஒன்று பாடும். அதுதான் நம் பாடம்.

இன்று? வீணை உண்டு, மிருதங்கம் உண்டு, சலங்கை உண்டு. தமிழ்ப் பாட்டு வகுப்புக்குப் பூட்டும் உண்டு.

தமிழுக்கும் தெலுங்குக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. அந்தக் கோடா வகுப்பைப் பூட்டியது? இல்லை ஐயா. நான் பூட்டினேன்.

பேத்தியைச் சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி என்று எழுத்தர் கேட்டார்: "மீ இண்ட்லோ ஏ பாஷ, அம்மா?"

"தெலுகே நைனா, ராசுக்கோ" என்றேன். தெலுங்கு என்றே ஏட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தமிழ். கேட்டவர் மொழியில் பதில் சொல்வது மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேத்தியை எல்லைக்கு அப்பால் போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அது. பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்தேன்.

என்ன வெங்கடலட்சுமி? 'அப்ப வாயில என்னா வச்சினு இருந்தே ஆயா' என்றா கேட்கிறாய்? நல்ல கேள்வி. உன் மகள் பேருக்கு நேரே நீ என்ன சொன்னாய், அதையும் சபைக்குச் சொல். சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்களும் அதைத்தான் சொன்னீர்கள்.

ஏட்டில் தமிழ்ப் பிள்ளையே இல்லை என்று நிர்வாகம் வகுப்பை மூடியது. அந்த வகுப்பை நடத்திய நாகபூஷணம் வாத்தியார் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தபடி என்னைக் கேட்டார்: "தெனம் பதினேழு பசங்க எதிர்ல குந்திக்கினு பாடினாங்கம்மா. ஏட்டுல ஒருத்தர்கூட இல்லையாம். அப்ப இத்தினி நாளா நான் யாருக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. அந்த மனிதர் தமிழ் சொல்லிக்கொடுத்து வேலை இழந்தார். தமிழ் பேசும் நாம் வாய்பொத்தி இருந்தோம். நாளை காலை அவர் வேலூர் பஸ் ஏறுகிறார்.

தலைவர் அவர்களே, பெயரேட்டை இந்த மேசைக்கு வரவழையுங்கள். தாட்சாயணி பேருக்கு நேரே நான் சொன்ன பொய்யை அடித்துவிட்டு, என் கையாலேயே தமிழ் என்று எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதும். இன்னும் பதினாறு பேர் பாக்கி. தாய்மாரே, இந்த மேடைக்குப் படி மூன்றுதான்.

ஏறி வந்து எழுதப்போகும் கைகளுக்கு என் நன்றி. எழுந்திராத கால்களுக்கும் என் வணக்கம்.