கழுத்தில் தொங்கிய பெட்டி

ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைங்க இன்ஸ்பெக்டர் மேடம், எனக்குக் குளிர் ஒத்துக்காது. நீங்க கேள்வி கேட்டுச் சிரமப்பட வேணாம், நானே சொல்லிடுறேன்.

எங்க ஆராய்ச்சிக் குழுவுல ஆறு பேர். அஞ்சு ஆம்பளைங்க, ஒரு பொண்ணு. பதினாலு வருஷமா நான்தான் தலைவர். திடீர்னு ஒரு நாள், தீப்பெட்டி சைஸுல ஆளுக்கொரு பெட்டியைக் கொடுத்துக் கழுத்துல மாட்டிக்கச் சொன்னாங்க. குழுவுல பொம்பளைங்களுக்குப் பேச இடம் கிடைக்குதான்னு ஆய்வாம். யாரு பக்கத்துல யாரு நின்னாங்க, எத்தனை நிமிஷம் பேசினாங்க, யாரு குறுக்கிட்டாங்க, எல்லாம் பதிவாகும். என்ன பேசினாங்கன்னு மட்டும் பதிவாகாது. அறிவைத் தவிர மத்த எல்லாத்தையும் அளக்குற மிஷின். கண்டுபிடிச்ச மகராசன் நல்லா இருக்கட்டும்.

ஒரு மாசத்துல முடிவு வந்துச்சு. மீட்டிங்ல அந்தப் பொண்ணு பேசுறதே மணிக்கு நாலு நிமிஷமாம். அதுலயும் நான் பதினோரு தடவை குறுக்கிடுறேனாம். அவ யார்கிட்டயும் புகார் சொல்லல, பெட்டிதான் போட்டுக் கொடுத்துச்சு. இயக்குநர் கூப்பிட்டார். "இனிமே அந்தப் பொண்ணு குழுவை நடத்தட்டும் சார். நீங்க கொஞ்சம் கேட்டுப் பழகுங்க"ன்னார். எங்கிட்ட மாணவியா வந்து சேர்ந்தவ மேடம் அவ.

அவளே வந்து நின்னா. "நான் கேட்டு வாங்கல சார். நீங்க கூட இருந்தாத்தான் என்னால முடியும்"னா. எம்மேல இரக்கம் காட்டுறாளாம். வயிறு எரிஞ்சுச்சு, அதை ஏன் மறைக்கணும்.

மாதிரிகள் வைக்கிற குளிர் அறை ஒண்ணு இருக்கு, மைனஸ் முப்பது டிகிரி. உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துட்டுத்தான் உள்ள போவோம். சனிக்கிழமை மத்தியானம் மத்தவங்க கிளம்பினதும், ஒரு ட்ரே எடுத்துட்டு வான்னு அவளை அனுப்பினேன். அவ உள்ள போனப்புறம் கட்டையைக் காலால நகர்த்தினேன். கதவு தானாத்தான் சாத்திக்கிச்சு.

ஒரே ஒரு தப்பு. என் பெட்டியைக் கழட்ட மறந்துட்டேன். மாட்டி மாட்டிப் பழகிப்போச்சு. ரெண்டு பெட்டியும் ஒரு மீட்டர் தூரத்துல இருந்ததா உங்க காகிதத்துல போட்டிருக்கே, அது சரிதான். கதவுக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

அதே காகிதத்துல கீழ பாருங்க. அவ நாப்பத்தி மூணு நிமிஷம் பேசியிருக்கா. எங்க குழுவுல யாருக்கும் அவ்வளவு நேரம் கிடைச்சதில்ல. நான் ஒரு தடவைகூடக் குறுக்கிடல. இயக்குநர் சொன்ன மாதிரியே, அவ நிறுத்துற வரைக்கும் நின்னு கேட்டேன்.

என்ன மேடம்? இருங்க, இருங்க. நான் இன்னும் பேசி முடிக்கல.